டெலிபோன் பூத்தில் ஓர் ஐந்தாண்டுத் திட்டம்

கண்ணாடிக் கதவைச் சாத்தியதும் புழுக்கம் அப்பிக்கொண்டது. தலைக்கு மேல் குட்டி ஃபேன் ஒன்று சுற்றியது. அதிலிருந்து சத்தம் வரும், தூசி வரும், காற்று மட்டும் வராது. ரிசீவரில் அம்மாவின் காதுச் சூடும் தேங்காய் எண்ணெய் வாசமும் அப்படியே இருந்தன. தாவணி முனையால் ஒரு துடை துடைத்துவிட்டுக் காதில் வைத்தேன்.

"அண்ணே! நான் எஸ்தர் பேசறேன்! நல்லா கேக்குதா?"

அந்தப் பக்கம் கடல் இரைகிற மாதிரி ஓர் இரைச்சல். டேவிட் அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டர். நேரில் இருந்தாலே நாளைக்கு ஒரு வாக்கியம் பேசுகிற ஆசாமி. 'ம்' என்றால் மகிழ்ச்சி, 'ம்ம்' என்றால் கோபம். அதனால் இரைச்சலையே பதிலாக எடுத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

"நான் சொல்றத முழுசாக் கேளு! நடுவுல பேசாதே!"

இதை வேறு சொன்னேன் பாருங்கள்.

கணக்குப் பரீட்சையில் நான் வாத்தியாரைப் படம் போட்ட கதையை இந்தத் தொடரில் எழுதியதிலிருந்து, 'அப்புறம் எப்பம்மா ஒழுங்காகப் படம் படிக்கப் போனீர்கள்?' என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்த பூத்துக்குள்ளிருந்துதான் போனேன்.

சிங்கப்பூர்ச் சத்தம்

மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகிற ரோட்டில் எங்கள் கடைத்தெரு. அதில் மஞ்சள் போர்டு போட்ட ஒரே எஸ்.டி.டி. பூத் ஜெரினா அக்காவுடையது. அக்கா நாகூரில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். யார் வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறான், அங்கே இப்போது மணி என்ன, அவன் சாப்பிட்டிருப்பானா என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் பூத் வாசலில் கூட்டம் கூடிவிடும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கூப்பிடுகிற நேரம் அது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை உண்டு. முதலில் அம்மா, பிறகு அப்பா, கடைசியில்தான் மிச்சம் மீதி. நான் மிச்சம்.

எங்கள் ஊரில் போன் பேசுவதற்கு ஒரு விஞ்ஞானம் இருந்தது. தூரம் கூடக் கூடச் சத்தமும் கூட வேண்டும். மன்னார்குடிக்கு என்றால் சும்மா பேசினால் போதும். மெட்ராஸுக்குத் தொண்டையிலிருந்து. சிங்கப்பூருக்கு அடிவயிற்றிலிருந்து. எவ்வளவு படித்தவராக இருந்தாலும் பூத்துக்குள் நுழைந்தால் இந்த விதியை மீறியதில்லை. கண்ணாடிக் கதவெல்லாம் சும்மா பேருக்கு. எதிரில் டீக்கடை, பக்கத்தில் உரக்கடை, அதற்கடுத்து எங்கள் அப்பாவின் கடை, எல்லோருக்கும் எல்லா வீட்டுச் சேதியும் தெரியும். 'ஊர் வாயை மூட உலைமூடி இல்லை' என்பார்கள். எங்கள் ஊரில் வாய்க்கு வேலையே இல்லை, காதைத் திறந்து வைத்தால் போதும்.

அன்றைக்கு அண்ணனிடம் நான் கேட்க வேண்டியிருந்தது ஒரே ஒரு 'சரி'. ஓவியக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்பாவோ கையைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டார்: "டேவிட்டு சரின்னா எனக்கும் சரி." அன்றைக்குப் பேசுகிற தன் முறையையும் எனக்கு விட்டுவிட்டார். அண்ணன் பேசுவது வாரத்துக்கு ஒரு தடவை. ஆக, அந்த ஞாயிறு தவறினால் என் படிப்பு போச்சு.

காயில் சாமுவேல்

அப்பாவுக்குச் சாமுவேல் என்று பெயர். ஆனால் காயில் சாமுவேல் என்றால்தான் தெரியும். எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது தொழில். கடைக்குள் நுழைந்தாலே வார்னிஷ் வாசமும் கருகின செம்புக் கம்பி வாசமும் மூக்கில் ஏறும். இப்போதும் எங்கேயாவது வார்னிஷ் வாசம் வந்தால் 'அப்பா சாப்பிட்டாரா' என்று யோசனை ஓடுகிறது.

காவிரியில் தண்ணீர் வருகிற வருஷம் கடையில் ஈ ஓட்டலாம். மேட்டூர் திறக்கத் தாமதமானால் போர் மோட்டார்கள் ராப்பகலாக ஓடும். வோல்டேஜ் இறங்கும், காயில் எரியும். தோளில் மோட்டாரைச் சுமந்துகொண்டு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அப்பாவுக்கு அதில் சந்தோஷப்படவும் முடியாது, வருத்தப்பட்டு உட்காரவும் நேரம் இருக்காது. "ஆண்டவரே, மழையைக் குடும்" என்று கோயிலில் முழங்கால் போடுவார். எழுந்து வந்து கம்பி சுற்றுவார்.

அந்த வருஷமும் குறுவை நாற்றங்கால் காய்கிற நேரம். கடை நிறைய மோட்டார்.

அதே சமயத்தில்தான் மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்தன. ஏ.சி. போட்ட அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். கோயிலுக்கு அடுத்தபடி செருப்பைக் கழற்றுகிற இடம் அது என்பதால் ஊரில் அதற்குத் தனி மரியாதை. என் வயசுப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே போனார்கள். மீதிப் பேர் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தார்கள். நான் ஒருத்திதான் குடத்தையும் கத்தரிக்காயையும் எதிரில் வைத்துக்கொண்டு பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

"படம் வரைஞ்சவன் எவன்டி சோறு தின்னான்?" என்பார் அப்பா. "நம்ம கடைக்கு போர்டு எழுதுனானே, என்னா கையெழுத்து! இன்னிக்கு துபாய்ல குழாய் மாட்டிக்கிட்டிருக்கான்."

அப்பாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்குப் பயம். அந்தப் பயத்தைப் பயம் என்று சொல்லத் தெரியாமல் மோட்டார் கதையாகச் சொல்வார்.

தண்ணி எடுக்குமா?

கல்லூரித் தேர்வுக்குப் போன அன்றைக்கு நடந்ததைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். தேர்வு முடிந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அங்கேயே படித்துமுடித்த ஓர் அக்கா, சட்டைக் கை முழுக்க நீலப் பெயின்ட், பக்கத்தில் வந்து நின்றார்.

"சேரப் போறியா? வாத்தியார் வேலை பாக்கற எண்ணம் இருக்கா?"

"அப்பாவுக்கு இருக்கு" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டார். "அப்ப இதக் கேட்டுக்க. நான் டிகிரிய முடிச்சிட்டேன். பள்ளிக்கூடத்துல வேலை கேட்டா, வாத்தியார் ட்ரெயினிங் சர்டிபிகேட் எங்கங்கறாங்க. அந்த ட்ரெயினிங்குக்குப் போனா, லோயர், ஹையர்னு டிராயிங் பரீட்சை இருக்கே, அத எழுதினியாங்கறாங்க. அஞ்சு வருஷம் ஆயில் பெயின்டிங் பண்ணிட்டு இப்ப உக்காந்து பூவும் இலையும் போட்டுக்கிட்டு லோ லோன்னு அலையறேன். நீயாவது எல்லாத்தையும் சேத்தே ஓட்டிடு."

பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனேன். அப்பா ஒரு மோட்டாரின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தார். நான் சொன்னதைத் தலை தூக்காமல் கேட்டார்.

"வீட்டுக் கிணத்து மோட்டார்ல எத்தன காயிலு?" என்றார்.

"ரெண்டு. ரன்னிங் ஒண்ணு, ஸ்டார்ட்டிங் ஒண்ணு." காயில்காரர் பெண்ணுக்கு இது கூடத் தெரியாதா?

"ஸ்டார்ட்டிங் காயில் இல்லேன்னா?"

"முனகும். சுத்தாது."

"முனகி முனகி எரிஞ்சும் போவும். ஒன் டிகிரி ரன்னிங் காயிலு. அது நல்ல காயிலாவே இருக்கட்டும். ஸ்டார்ட்டிங் எங்க?"

"அதான்ப்பா சொல்றேன், வாத்தியார் சர்டிபிகேட்டு!"

"எப்ப?"

"டிகிரி முடிச்சதும்…"

"மோட்டார் ஓடி நின்னதுக்கப்புறம் ஸ்டார்ட்டிங் காயில் எதுக்குடி? கொண்டாந்து பொட்டில வெச்சுக்கவா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கடைத் தரையில் கிடந்த சாக்குக்கட்டியை எடுத்தேன். அப்பா கம்பி சுற்றுவதற்கு முன் தரையில் வட்டம் போட்டு, எந்தக் கம்பி எங்கே நுழையும் என்று வரைந்து பார்ப்பார். நானும் ஒரு பெரிய வட்டம் போட்டேன். வெளிவட்டத்தில் கல்லூரியின் ஐந்து வருஷம். உள்வட்டத்தில் முதல் வருஷம் லோயர், அடுத்த வருஷம் ஹையர், மூன்றாம் வருஷக் கோடை லீவில் வாத்தியார் ட்ரெயினிங். ட்ரெயினிங் லீவில் நடப்பதால் கல்லூரியும் கெடாது. டிகிரி முடியும்போது ரெண்டு காகிதமும் கையில் இருக்கும்.

அப்பா எழுந்து வந்து, குந்தி உட்கார்ந்து பார்த்தார். அழிக்கவில்லை.

அந்தத் திட்டம் தரையில் கிடந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதை மிதித்தார்கள், மிதித்துவிட்டுக் கருத்தும் சொன்னார்கள். தங்கராசு அண்ணன் வந்தார். அவருடைய அப்பா காலத்தில் பண்ணையில் கூலிக்கு நட்டவர்கள். இவர் குத்தகைக்கு எடுத்து, பிறகு சொந்தமாக வாங்கி, இப்போது போர் போட்டுக் குறுவை பண்ணுகிறவர். தோளிலிருந்து மோட்டாரை இறக்கிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"இது எத்தன ஹெச்.பி. மோட்டாரும்மா?"

"மோட்டார் இல்லண்ணே. என் படிப்பு."

அண்ணன் கொஞ்ச நேரம் சுற்றி வந்து பார்த்தார். "தண்ணி எடுக்குமா?" என்றார்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பிடி கொடுக்கவில்லை. டேவிட் சரி சொல்லட்டும் என்று நின்றார். என்ன பேசினாலும் நடுவில் புகுந்து வோல்டேஜ், லோடு, கெப்பாசிட்டர் என்று வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவார். வீட்டில் ஒரு நாள்கூட நான் நினைத்ததை முழுசாகச் சொல்லி முடித்தது கிடையாது.

கடல் இரைச்சல்

அதனால்தான் அந்த பூத்துக்குள் அப்படிக் கொட்டினேன்.

"அண்ணே, கம்ப்யூட்டர் படிக்கச் சொல்லாதே! அது முன்னாடி உக்காந்தா எனக்குத் தூக்கம்தான் வரும்! எனக்கு வரைய மட்டுந்தாண்ணே வரும்! கும்பகோணம் பக்கம் காலேஜ்ல எடம் கெடச்சிருக்கு! வெறும் படம் மட்டும் இல்ல, வாத்தியார் சர்டிபிகேட்டையும் சேத்து பிளான் போட்டிருக்கேன்!"

லோயர், ஹையர், கோடை லீவு, ட்ரெயினிங் எல்லாவற்றையும் சிங்கப்பூர்ச் சத்தத்தில் சொன்னேன். இரைச்சல் அப்படியே இருந்தது. அண்ணன் பலமாக யோசிக்கிறான் என்று நினைத்தேன்.

"அப்பாவுக்குப் பயம்! பசியில கெடந்துடுவேனோன்னு பயம்! எனக்கும் அந்தப் பயம் இருக்குண்ணே, இல்லேன்னு சொல்லல! அதனாலதான் வாத்தியார் வேலைக்கும் சேத்துப் படிக்கிறேங்கறேன்! ஆனா ஒண்ணு! வேலை கெடச்சாலும் வரைவேன், கெடைக்காட்டியும் வரைவேன்! படிக்காம வரைஞ்சா போர்டுதான் எழுதுவேன், படிச்சிட்டு வரைஞ்சா எங்க போவேன்னு எனக்கே தெரியாது! அதப் பாக்கணும்ணே எனக்கு!"

அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கத்துவது சுலபமில்லை, செய்து பார்த்தால் தெரியும்.

"இப்ப சொல்லு! சரியா, வேணாமா?"

கடல் இரைச்சல் நின்றது. 'டொய்ங் டொய்ங்' என்று மணி அடிக்க ஆரம்பித்தது.

வெளியே வந்தேன். கதவை ஒட்டினாற்போல் அப்பா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அம்மா, டீக்கடைக்காரர், உரக்கடைக்காரர், கோயிலிலிருந்து திரும்பிய பாதி சபை. எல்லோர் முகமும் என் மேல்.

"என்ன சொன்னான்?" என்றார் அப்பா.

"ஒண்ணும் சொல்லல. லைன் கட்டாயிடுச்சு."

கடைத்தெருவே 'ச்சு' கொட்டியது. திரும்ப வருமோ என்று ரொம்ப நேரம் நின்றோம். வரவில்லை. ஜெரினா அக்கா மட்டும் மேஜைக்குப் பின்னால் ஒன்றுமே நடக்காத மாதிரி தாளில் விசிறிக்கொண்டிருந்தார்.

"அடுத்த ஞாயிறு பாப்போம்" என்றார் அப்பா. அடுத்த ஞாயிறு வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்தானே வரும்? அன்றைக்கு அம்மா வைத்த கறிக்குழம்பை நான் தொடவில்லை. எனக்கே அது பெரிய சேதி.

ஆகாத டீச்சர்

திங்கட்கிழமை காலையில் தங்கராசு அண்ணன் கடைக்கு வந்தார். மோட்டார் ஆயிற்றா என்று பார்க்க வந்தார் என்றுதான் நினைத்தேன். பின்னால் அவருடைய மகள் செல்வி, கையில் சிலேட்.

"டீச்சர்கிட்ட உட்டுட்டுப் போறேன்" என்றார் என்னைப் பார்த்து. "பள்ளிக்கூடம் தெறக்கற வரைக்கும் படம் சொல்லிக் குடுங்க."

"அண்ணே, நான் இன்னும் சேரவே இல்ல! சேந்தா அஞ்சு வருஷம் ஆவும்!"

"அதான் நேத்து வெவரமாச் சொன்னியேம்மா. ஊரே கேட்டுச்சு. அஞ்சு வருஷம் என்னா, நட்டு அறுக்கற மாதிரி ஓடிப்போயிடும்."

மதியத்துக்குள் டீக்கடைக்காரர் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சாயங்காலம் உரக்கடை வீட்டு இரட்டைகள். 'கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்' என்பார்களே, நான் கூரைக்கு ஏணிகூட வைக்கவில்லை, அதற்குள் வைகுண்டத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. வாத்தியார் வேலை என்பது அப்பாவைச் சமாளிக்க நான் சேர்த்துக்கொண்ட உள்வட்டம். அது இப்படிச் சிலேட்டோடு வந்து கடைத் தரையில் உட்காரும் என்று யார் கண்டது?

முதல் நாள் எல்லோருக்கும் ஒரு மாம்பழம் போட்டுக் காட்டி, பார்த்துப் போடச் சொன்னேன். போட்டார்கள். எனக்கும் அலுப்பு, அவர்களுக்கும் அலுப்பு.

மறுநாள் என்னவோ தோன்றி, தங்கராசு அண்ணனின் மோட்டாரையே நடுவில் தூக்கி வைத்தேன். பிள்ளைகளைச் சுற்றி உட்காரச் சொன்னேன். "தெரியறத மட்டும் போடு. தெரியாதத போடாதே" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் சண்டை. செல்வி வட்டமாகப் போட்டிருந்தாள். எதிரில் இருந்த பையன் நீளப் பெட்டியாகப் போட்டிருந்தான். இரட்டைகளில் ஒருத்தியின் மோட்டாரில் கைப்பிடி இருந்தது, மற்றவளின் மோட்டாரில் இல்லை. "என்னுதுதான் சரி", "ஒன்னுது தப்பு" என்று தலைமுடியைப் பிடிக்காத குறை.

"எந்திரி எல்லாரும்! அவ எடத்துல நீ உக்காரு, ஒன் எடத்துல அவ உக்காரட்டும்!" என்று ஓர் அதட்டுப் போட்டேன்.

இடம் மாறி உட்கார்ந்தார்கள். சத்தம் அடங்கியது. செல்வி கொஞ்சம் பார்த்துவிட்டு, "ஐய, இங்கேருந்து பாத்தா இது பெட்டிதான்" என்றாள். அந்த முகத்தை நான் மறக்கவே இல்லை. அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ குளிர்ந்தது. இது பிடித்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கே ஆச்சரியம்.

திரும்பினால், அப்பா கம்பியைக் கீழே வைத்துவிட்டு வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுக்க மோட்டார் பார்த்த மனுஷன். ஒரு பக்கம் உட்கார்ந்து பார்த்தார். நகர்ந்து இன்னொரு பக்கம் பார்த்தார்.

"இங்கேருந்து பாத்தா ஷாஃப்ட்டே தெரியலையே" என்றார்.

"அப்ப போடாதீங்க தாத்தா" என்றது இரட்டைகளில் ஒன்று.

நாற்று ஒரு நாள் தாங்கும்

வெள்ளிக்கிழமை விடிந்தபோது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, கோயிலுக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"சர்டிபிகேட்டெல்லாம் எடுத்து வெச்சுக்க. ஏழு மணி பஸ்ஸு."

"அண்ணன் இன்னும்…"

"அவன்தான் ஒண்ணும் சொல்லலையே. வேணாம்னும் சொல்லலல்ல?"

குறுவைக் காலத்தில் கடையைப் பூட்டுவது என்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். கல்யாணம், சாவு என்றால்கூட அரை நாள்தான். அன்றைக்குப் பூட்டினார். வாசலில் எரிந்த மோட்டாரோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாற்று காய்கிறது, ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குப் பெரிசு. திட்டப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அப்பா தயங்கி, "எம்மவள சேத்துட்டு வந்துடறேன். சாயங்காலமே தெறந்துடுவேன்" என்றார்.

தங்கராசு அண்ணன் எழுந்து நின்றார். அவர் மோட்டார்கூட இன்னும் முடியவில்லை. "போங்க, போங்க. நாத்து ஒரு நாள் தாங்கும். டீச்சர சேத்துட்டு வாங்க" என்றார். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள்.

கல்லூரி அலுவலகத்தில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு பயபக்தியோடு நின்றார். எல்லாம் முடிந்து கிளம்பும்போது மேலே பார்த்து, "ஃபேன் காயில் சூடாயிருக்குங்க, வாசம் வருது. சீக்கிரம் பாத்துடுங்க" என்று குமாஸ்தாவிடம் சொன்னார். எனக்கு மானம் போனது. குமாஸ்தா பயந்துபோய் சுவிட்சை அணைத்துவிட்டார்.

திட்டம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தரையில் போட்ட வட்டம் மாதிரியே எதுவும் சுற்றவில்லை. லோயர் சொன்னபடி முடிந்தது. ஹையரில் ஒரு தாளில் கோட்டை விட்டு மறுபடி எழுதினேன். மூன்றாம் வருஷக் கோடையில் எனக்கு அம்மை போட்டது. ட்ரெயினிங் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அப்பா மட்டும் கவலைப்படவில்லை. "ரன்னிங் காயில் ஓடிக்கிட்டிருக்கு. ஸ்டார்ட்டிங்க மெதுவாக் கட்டிக்கலாம்" என்று தன் மோட்டார் சாத்திரத்தையே மாற்றிக்கொண்டார். கடைசியில் ரெண்டு காகிதமும் கைக்கு வந்தன. பகலில் டிராயிங் டீச்சர், லீவு நாளில் மாடியறையில் கேன்வாஸ் என்று என் மோட்டார் இன்றைக்கும் ஓடுகிறது. புது வகுப்பில் முதல் நாள் நான் மாம்பழம் போடச் சொல்வதில்லை. நடுவில் ஒரு நாற்காலியைத் தலைகீழாக வைத்துவிட்டுச் சண்டைக்குக் காத்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு

கல்லூரியில் சேர்ந்த அதே வாரம், ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்து பூத்துக்கு வந்தோம். மணி அடித்தது. அன்றைக்கு முறையை மாற்றி அப்பா முதலில் உள்ளே போனார். கதவைச் சாத்தக்கூட இல்லை.

"டேவிட்டு! தங்கச்சிய சேத்தாச்சுடா!"

அந்தப் பக்கம் என்ன கேட்டானோ, அப்பாவின் முகம் மாறியது.

"எதுலயா? அதான் போன வாரம் அவ அவ்வளவு நேரம் சொன்னாளேடா!"

மறுபடி கேட்டார். பிறகு ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டே எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"போன வாரம் இவங்கம்மா என்னா கொழம்புன்னு சொல்லிக்கிட்டிருக்கறப்பவே கார்டு தீந்துபோச்சாம். எஸ்தர் பேசினதே அவனுக்குத் தெரியாதாம்."

டீக்கடை, உரக்கடை, சபை எல்லாம் சேர்ந்து சிரித்த சிரிப்பில் போன் வயர் அறுந்திருக்க வேண்டும். அம்மா மட்டும், "கறிக்கொழம்புன்னு ஒரு வார்த்தை சொன்னது குத்தமா?" என்று கோபித்துக்கொண்டார்.

நான் ரிசீவரை வாங்கினேன். அண்ணன் அன்றைக்கு அதிசயமாக முழு வாக்கியமாகப் பேசினான்.

"எஸ்தரு, நான் கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஒன்ன கம்ப்யூட்டர்ல சேக்கச் சொல்லத்தான் அன்னிக்கு போனே பண்ணேன்."

"இப்ப?" என்றேன்.

இரைச்சல். இந்தத் தடவை நிஜமாகவே யோசித்தான்.

"ம்" என்றான். "சேந்தாச்சுல்ல. நல்லா வரை."

வெளியே வந்து, கூட்டம் கலைந்த பிறகு, ஜெரினா அக்காவிடம் போனேன். மனசுக்குள் ஒன்று குடைந்துகொண்டிருந்தது. பூத்துக்குள் வருகிற லைன் எல்லாம் அக்காவின் மேஜை போன் வழியாகத்தான் வரும். அக்கா ரிசீவரைத் தூக்கினால் உள்ளே பேசுவது கேட்கும்.

"அக்கா, அன்னிக்கு லைன் போனது உங்களுக்குத் தெரியுமா?"

அக்கா விசிறுவதை நிறுத்தவில்லை. "நீ அண்ணேன்னு ஆரம்பிச்சப்பவே போச்சு. எடுத்துப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல."

"அப்ப ஏன்க்கா சொல்லல? தொண்டை கிழியக் கத்தினேனே!"

"சொல்லலாம்னுதான் எந்திரிச்சேன். பாத்தா, ஒங்கப்பா கண்ணாடில நெத்திய வெச்சுக்கிட்டு நின்னாரு. ஒரு வார்த்தை விடாம கேட்டுக்கிட்டிருந்தாரு. லைன் போச்சுன்னு சொன்னா நீ நிறுத்திடுவே, அவரு கடைக்குப் போயிடுவாரு. அதான் உக்காந்துட்டேன்." அக்கா தாளைத் திருப்பி மறுபக்கத்தால் விசிறிக்கொண்டார். "கேக்க வேண்டியவரு கேட்டுட்டாரே, அப்புறம் சிங்கப்பூரு எதுக்கு?"

நான் ரோட்டைப் பார்த்தேன். அப்பா ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கடையைத் திறந்து வைத்திருந்தார். தங்கராசு அண்ணன் காயில் கட்டி முடித்த மோட்டாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றார். அவர் ஏதோ கேட்க, அப்பா பதில் சொன்னார். எங்கள் வீட்டுக் குரல் அல்லவா, இங்கே வரைக்கும் கேட்டது.

"எடுக்கும், எடுக்கும். நல்லாவே தண்ணி எடுக்கும்."

எந்த மோட்டாரைச் சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.